விஷம் குறைவு

மலேசியாவில் என்ன பார்த்தாய் என்று கேட்பவர்களிடம் தேயிலைத் தோட்டம் பார்த்தேன் என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்கிறேன். பொய் இல்லை. சீப்பால் வாரிவிட்டது போன்ற பச்சைச் சரிவுகள், காலைப் பனி, எல்லாம் பார்த்தேன். படங்களும் இருக்கின்றன. ஆனால் நான் கேமரன் மலைக்குப் போனது அதற்காக அல்ல. காய்கறி வாங்க வருகிறவர்கள் எதைப் பார்த்து எதை எடுக்கிறார்கள் என்று எழுதி வரப் போனேன்.

கோயம்புத்தூரில் ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில் எனக்கு வேலை. சோப்பு முதல் தேர்தல் வரை எதைப் பற்றியும் மக்களிடம் கேள்வி கேட்டு வருவோம். கோலாலம்பூரில் ஒரு குழு, பூச்சிமருந்தைக் குறைக்கும் விவசாயக் கொள்கைக்கு யோசனை எழுதிக்கொண்டிருந்தது. மருந்து குறைவான காய்கறியை மக்கள் விரும்பி வாங்குவார்களா என்று தெரிந்தால், விவசாயிகளை அந்தப் பக்கம் திருப்பலாம் என்பது அவர்கள் கணக்கு. மலையில் தமிழ் பேசும் விவசாயிகளும் கடைக்காரர்களும் இருந்ததால் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். என்னை அனுப்பினார்கள்.

தாப்பாவிலிருந்து ஏறிய பேருந்து பாதி மலையில் புகைவிட்டு நின்றது. எல்லோரும் இறங்கி ஒரு வளைவில் நின்றோம். எதிரே மூங்கில் தட்டியில் தேன் புட்டிகளை அடுக்கிவைத்திருந்த ஆதிவாசிப் பெண் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தினமும் ஏதாவது ஒரு பேருந்து அங்கே நிற்கும் போலிருக்கிறது. பக்கத்தில் ஒரு வயதான சீனர் மனைவியிடம் ஏதோ முணுமுணுத்தார். கூட நின்ற ஒரு தமிழ் மாணவி சிரித்துக்கொண்டே எனக்கு அதை மொழிபெயர்த்தாள்: "முட்டைக்கோஸ் கீழேயும் கிடைக்கும்னு சொன்னேன், கேட்டியா?"

ரிங்லெட் என்ற ஊர் வரை ஒரு லாரியில் தொற்றிப் போனேன். அங்கே ஏரி பாலில்லாத டீயின் நிறத்தில் கிடந்தது. மேலேயுள்ள தோட்டங்களின் மண் முழுவதும் மழைக்கு அங்கேதான் இறங்குகிறது என்றார் ஓட்டுநர். ஊட்டியிலும் இதையே பார்த்திருக்கிறேன். கேரட் விளையும் மலையெல்லாம் ஒரே மாதிரிதான் கரைகிறது.

ஜெசிந்தா ரிங்லெட்டில் எனக்காகக் காத்திருந்தாள். குழு எனக்கு ஏற்பாடு செய்து கொடுத்த ஆள் அவள்தான். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். இப்போது கியா பார்ம் சாலையோரத்தில் காய்கறிக் கடை வைத்திருக்கிறாள். கணவன் அருள் திரிங்காப்பில் விவசாயம் செய்கிறான். அவளுக்கு நாற்பதை நெருங்கும் வயது, கழுத்தில் சிறிய சிலுவை, காலில் சேறு காயாத ரப்பர் பூட்ஸ்.

"பசியாறுனீங்களா அக்கா?" என்றாள் முதல் வார்த்தையாக. இல்லை என்றதும் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "பஸ் படுத்துருச்சுன்னு போன் வந்துச்சு. இந்த பஸ்ஸை நம்பவே கூடாது லா."

பிரிஞ்சாங்கில் மாலிக் பாய் கடையில் ரொட்டி சானாய் வாங்கிக்கொடுத்தாள். நம்மூர் பரோட்டாவின் மெலிந்த தம்பி அது. தொட்டுக்கொள்ளப் பருப்பு. குளிரில் அந்தச் சூடு நேராக நெஞ்சுக்குப் போனது. மாலிக் பாயின் தாத்தா ராமநாதபுரத்துக்காரர். "கோயம்புத்தூரா? அங்க குளிரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவர் கடைக்கு மேலேதான் எனக்கு அறை.

மறுநாள் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பார்வையாளர் கடையில் வேலை தொடங்கியது. சரிவின் மேல் கண்ணாடி மேடை. டீக்கும் ஸ்கோன் ரொட்டிக்கும் நீண்ட வரிசை. தேயிலைப் பொட்டலத்தில் ஒரு பச்சை இலைச் சின்னம், இயற்கையைக் காக்கும் சாகுபடி என்று ஒரு வாசகம். அது எதைக் குறிக்கிறது என்று வாங்கியவர்களிடம் கேட்டேன். ஒருவர் சின்னத்தையே அப்போதுதான் பார்த்தார். இன்னொருவர், "இவ்வளவு அழகான இடத்தில் தப்பாக எதுவும் நடக்காது" என்றார். கீழே சரிவில் வங்காளதேசத்துப் பையன்கள் இருவர் இருவராக இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு கொழுந்து வெட்டினார்கள். மேடையிலிருந்து பார்க்கும்போது அவர்களும் காட்சியின் ஒரு பகுதி.

"அந்தா தகரக்கூரை தெரியுதே, அந்த லயத்துலதான் நான் பொறந்தேன்" என்று ஜெசிந்தா காட்டினாள். "அப்பா களைக்கு மருந்து அடிச்ச ஆளு. கங்காணி கூப்பிட்டா தொட்டியைத் தூக்கிட்டு ஓடணும். வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையோட எங்களத் தூக்குவாரு." மேடையில் யாரோ எங்களை நகரச் சொன்னார்கள். படத்தில் நாங்கள் விழுகிறோமாம்.

அன்று மாலை திரிங்காப்புக்குப் போனோம். அருளின் பழைய லேண்ட் ரோவரில் என் பக்கக் கதவுக்குக் கைப்பிடி இல்லை, கயிறுதான். மலையை வெட்டிப் படி படியாக இறக்கிய பூமி. பெரும்பாலும் நெகிழித்தாள் கூரைகள். தூரத்திலிருந்து பார்த்தால் மலைக்குக் கட்டுப்போட்டது போலிருந்தது. அருளின் இடம் சிறியது. நிலம் அரசாங்கத்துடையது, அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாலட் கீரையும் சீன முட்டைக்கோசும் வலைக்குள் நின்றன. இலைகளில் பொத்தல்கள். மஞ்சள் ஒட்டுத்தாள்களில் பூச்சிகள் ஒட்டியிருந்தன.

அருள் பேசும்போது இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டே பேசினான். காரணத்தை நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"மருந்து அடிச்சிக்கிட்டு இருந்தேன் அக்கா. காத்து திரும்பிருச்சு. வாயில ஒரு மாதிரி எச்சி ஊறுச்சு, கண்ணு மங்கிருச்சு. அப்பறம் தெரியாது. இவதான் இழுத்துட்டுப் போயிருக்கா, தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு."

"வாந்தி, வேர்வை, கையி காலெல்லாம் துடிக்குது" என்றாள் ஜெசிந்தா. "செத்துட்டாருன்னே நெனச்சேன். அன்னிக்கு ஏசுசாமி முன்னாடி சொன்னேன். இந்த மருந்து இனி நம்ம வூட்டுக்கு வேணாம்னு."

முழுதாக விடமுடியவில்லை. மிகவும் குறைத்துவிட்டார்கள். வலை கட்டினார்கள், கையால் புழு பொறுக்கினார்கள். விளைச்சல் குறைந்தது, பொத்தல் கூடியது. ஆனால் அருளுக்கு உடம்பு தேறியது. கை நடுக்கம் மட்டும் போகவில்லை. நல்ல இலைகளை லாரிக்காரத் தவுக்கே, அதாவது மொத்த வியாபாரம் செய்யும் சீன முதலாளி, எடுத்துக்கொள்வார். மிச்சம் ஜெசிந்தாவின் கடைக்கு. ஓரளவு ஓடிக்கொண்டிருந்தது. நான் வருவதற்கு முன் அப்படித்தான் இருந்தது என்பதை இங்கே எழுதிவிட வேண்டும்.

அடுத்த நாட்களில் கியா பார்ம் சாலையோரக் கடைகளில் நின்றேன். மக்காச்சோளம், சர்க்கரைவள்ளி, பெட்டி பெட்டியாக ஸ்ட்ராபெரி. ஸ்ட்ராபெரி சிவப்பில் காட்டும் தாராளத்தை இனிப்பில் காட்டவில்லை. வாங்குபவர்களிடம் என் கேள்வி எளியது: பூச்சிமருந்து குறைவாக அடித்த காய்கறி கிடைத்தால் வாங்குவீர்களா? மறுத்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். மலாயில் சொன்னவற்றை ஜெசிந்தா தமிழாக்கினாள். ஒரு இளம் தாய், கையில் குழந்தை, கோலாலம்பூரிலிருந்து வந்தவள். மிகவும் உருக்கமாகப் பேசினாள். "குழந்தைக்காகத்தான் எல்லாமே. கொஞ்சம் ஓட்டை இருந்தால் என்ன? ஓட்டை இருந்தால் பாதுகாப்பு என்றுதானே அர்த்தம்?" சொல்லிவிட்டு ஜெசிந்தாவின் கீரையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பச்சைப்புழு தலையைத் தூக்கியது. கீரையை மெல்ல வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய் மெழுகு பூசியது போலிருந்த கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டாள். எனக்குக் கையசைத்துவிட்டுத்தான் போனாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. காந்திபுரத்தில் நானும் கத்தரிக்காயை உருட்டி உருட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

இதைத் தொலைபேசியில் சொன்னதும் கோலாலம்பூர் குழுவின் திட்டத் தலைவருக்கு உற்சாகம் பிறந்தது. சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில் இருப்பது தகவல் பற்றாக்குறைதான் என்றார். கடையில் அறிவிப்புப் பலகை வைத்துப் பார்ப்போம், வார இறுதிக்குள் அனுப்புகிறேன் என்றார். யார் கடையில் என்று கேட்டேன். "உங்கள் ஜெசிந்தா கடையில்தான்."

மாலிக் பாய் கடையில் வைத்து நான்தான் ஜெசிந்தாவிடமும் அருளிடமும் பேசினேன். அருளுக்கு விருப்பமில்லை. "வேணாங்க. சத்தம் இல்லாம யாவாரம் பண்றோம். போர்டு வெச்சா நாலு பேரு பாப்பாங்க."

"பாக்கணும்னுதானே வைக்கிறது?" என்றாள் ஜெசிந்தா. "நம்ம படுற சூசா, கஷ்டம், யாருக்குத் தெரியுது? கஷ்டப்பட்டுப் பொறுக்கி எடுக்குறோம், குப்பைன்னு பாக்குறான். சொன்னாத்தானே தெரியும்." என் பக்கம் திரும்பினாள். "இது வந்தா கவர்மெண்டு ஏதாச்சும் செய்யுமா அக்கா?"

ஆய்வில் நல்லபடி வந்தால் கொள்கையில் சேரும் என்றேன். எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன்.

சனிக்கிழமை காலை பலகை வந்தது. பச்சை நிறம், ஓரத்தில் ஒரு இலை. பெரிய எழுத்தில் மலாய். ஜெசிந்தா அதைப் படித்துவிட்டுச் சற்றுத் தயங்கினாள். "ராச்சுன்னு போட்டிருக்காங்க." மலாயில் பூச்சிமருந்துக்கும் விஷத்துக்கும் அதே சொல்தான். நம் மொழியில் அதை மருந்து என்று சொல்லிப் பழகிவிட்டோம், நோயாளிக்குக் கொடுப்பது போல. பலகை சொன்னது இதுதான்: இங்கே விஷம் குறைவு.

சனி, ஞாயிறு என்றால் கியா பார்ம் சாலையில் கார்கள் நகராது. ஊர்ந்துகொண்டே வந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் பலகையைப் படித்தார்கள். சிலர் படம் எடுத்தார்கள். இறங்கி வந்த ஒரு குடும்பத்தில் தகப்பன் சத்தமாக வாசித்தான். மனைவி என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஜெசிந்தா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "'கம்மியான வெசம்னாலும் வெசந்தானே, வா போலாம்'ங்கறா."

அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அங்கே பலகை இல்லை, அதனால் விஷமும் இல்லை.

மத்தியானத்துக்குள் நிலைமை மோசமானது. படித்த சிலர் பக்கத்துக் கடைகளில் போய், உங்கள் காய்கறியில் எவ்வளவு விஷம் என்று கேட்கத் தொடங்கினார்கள். பக்கத்துக் கடைச் சீனப் பெண்மணி ஜெசிந்தாவோடு பல வருடமாகத் தேநீர் பகிர்ந்துகொள்பவர். அவர் எழுந்து வந்து மலாயில் கத்தினார். எல்லாவற்றையும் எனக்கு மொழிபெயர்க்க ஜெசிந்தாவால் முடியவில்லை. ஒன்றை மட்டும் பிறகு சொன்னாள்: "'நீ கம்மின்னா, நான் ஜனங்களைக் கொல்றேனா'ன்னு கேக்கறாங்க."

கடைக்காரர்கள் சங்கத்து ஆள் வந்தார், அவரும் தமிழர். பலகையைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, தவறு என்னுடையது, எல்லோரிடமும் நானே விளக்குகிறேன் என்றேன்.

"நீங்க பிளேன் ஏறிப் போயிருவீங்கம்மா" என்றார் அவர், கோபமில்லாமல். "இவங்க நாளைக்கும் இங்கதான் கடை போடணும்."

பலகை அரைநாள்தான் நின்றது. செய்தி மலையெங்கும் போய்விட்டது. திங்கட்கிழமை தவுக்கேயின் லாரி அருளின் இடத்தில் நிற்காமல் போனது. மறுநாளும் நிற்கவில்லை. நான் போனபோது வெட்டி அடுக்கிய முட்டைக்கோஸ் கூடைகளின் மேல் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். தார்ப்பாயைத் தூக்கினால் புளித்த வாடை.

தலைவரை அழைத்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, இது மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்றார். எதிர்பாராத முடிவுக்குத்தான் கருத்தரங்குகளில் மதிப்பு என்றார். அந்த வியாபாரியிடம் ஒரு வார்த்தை பேசமுடியுமா, குழுவின் பெயரில் ஒரு கடிதமாவது கொடுக்கமுடியுமா என்று கேட்டேன்.

"ஆய்வுக் களத்தில் நாம் தலையிடக் கூடாது" என்றார்.

பலகை என்ன, வானத்திலிருந்தா விழுந்தது என்று கேட்டேன். இணைப்பு சரியில்லை என்றார். இருக்கலாம், மலையில் இணைப்பு அப்படித்தான்.

மாலிக் பாய்க்குத் தவுக்கேயைத் தெரியும். கடையை மகளிடம் விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். லாரிகள் ஏற்றும் கொட்டகை. தவுக்கே வழுக்கைத் தலையில் கம்பளித் தொப்பி போட்டிருந்தார். முரடர் இல்லை. எனக்கு முக்காலி போட்டு, டீ வரவழைத்துப் பொறுமையாகக் கேட்டார். அவர் மலாயில் சொன்னதை மாலிக் பாய் தமிழில் சொன்னார்.

"'அருள் நல்ல பையன். ஆனா ரெண்டு நாளா கோலாலம்பூர் யாவாரிங்ககிட்டேர்ந்து எனக்கு போன். வெசம் போடுற ஆளு யாரு, போடாத ஆளு யாருன்னு கேக்கறான். நான் எல்லாத்தையும் ஒரே லாரியில ஏத்துற ஆளு. ஒரு ஆளு மட்டும் வேற மாதிரின்னா நான் எல்லாருக்கும் பதில் சொல்லணும்'ங்கறாரு."

அருள் என்ன செய்தால் எடுத்துக்கொள்வார் என்று கேட்டேன். தவுக்கே கூடையிலிருந்து ஒரு முட்டைக்கோசை எடுத்து என் மடியில் வைத்தார். கனமாக, குளிர்ச்சியாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. "இப்படி இருந்தால் போதும்." இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திரும்பும் வழியில் மாலிக் பாய், "போர்டு வைக்கலாமான்னு என்னைக் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றார். அவர் கடையில் உட்கார்ந்துதான் பேசினோம். அவர் டீ ஆற்றிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை திரிங்காப்பில் நான் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும்போதே உள்ளே சண்டை. ஜெசிந்தாவின் குரல் உடைந்து உடைந்து வந்தது.

"வேணாம்னா வேணாம். வேற வேலைக்குப் போவோம். நான் எஸ்டேட்டு டீக்கடையில கோப்பை கழுவப் போறேன்."

"இந்த இடத்த சும்மா போட்டா அனுமதி போயிரும். போனா மறுபடி கெடைக்குமா? முகமூடி போட்டுக்கறேன். காத்து பாத்து அடிக்கிறேன்."

"அன்னிக்கும் காத்து பாத்துத்தானே அடிச்ச?"

நான் கதவைத் தட்டாமல் திரும்பினேன். பாதை முழுவதும் மழை.

இரண்டு நாள் கழித்து அவன் மருந்து அடித்ததைப் பார்த்தேன். முதுகில் தொட்டி, முகத்தில் முகமூடி, மேலே மஞ்சள் மழைக்கோட்டு. இடது கை நடுங்கியதால் மருந்துக் குழாயை வலது கையால் மட்டும் பிடித்திருந்தான். ஜெசிந்தா மேட்டில், கார் பக்கத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்தால் ஓடுவதற்காக நிற்கிறாள் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. நான் கிட்டே போனதும் கையை நீட்டித் தடுத்தாள்.

"வராதீங்க அக்கா. காத்து இந்தப் பக்கம்தான்."

அவள் மட்டும் அங்கேயே நின்றாள்.

அடுத்த விளைச்சல் தேறும்வரை கடையில் வைக்க எதுவும் இல்லை. தவுக்கேயின் கொட்டகையிலிருந்தே கட்டுக்கட்டாக வாங்கி அடுக்கினாள். பக்கத்துக் கடைப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டதாகச் சொன்னாள். பலகையைக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டுவிட்டாளாம். என்மேல் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நான் கிளம்பும் நாள் ஞாயிற்றுக்கிழமை. பேருந்துக்கு நேரம் இருந்தது. விடைபெறக் கியா பார்முக்குப் போனேன். கூட்டம் நெரிந்தது. ஜெசிந்தாவின் கடையில் சீன முட்டைக்கோசும் கீரையும் பளபளத்தன. எங்கும் ஒரு பொத்தல் இல்லை. நான் ஓரமாக நின்றேன், அவளுக்குப் பேச நேரமில்லை.

கண்ணாடி போட்ட ஒரு பெண் கீரைக்கட்டு ஒன்றைக் கையில் எடுத்தாள். தமிழ்ப் பெண், ஈப்போவிலிருந்து வந்திருந்தாள். மாமியாருக்குப் புற்றுநோய், சாப்பாட்டில் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஜெசிந்தாவிடம் விவரமாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"இது உங்க தோட்டத்துதா? மருந்து அடிக்காததுதானே?"

ஜெசிந்தா நெகிழிப் பையை வாயால் ஊதித் திறந்தாள். ஈரம் சொட்டச் சொட்டக் கீரையை உள்ளே வைத்தாள்.

"நம்ம தோட்டம்தான். ஒண்ணும் அடிக்கிறது இல்ல. நம்பி மாமியாருக்குக் குடுங்க."

அந்தப் பெண் இன்னும் இரண்டு கட்டு எடுத்துக்கொண்டாள். நான் நகர்ந்து அவளுக்கு வழிவிட்டேன். அவள் கூட்டத்தில் மறைந்த பிறகுதான் ஜெசிந்தா என் பக்கம் திரும்பினாள். ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள்.

"எழுதிக்கிட்டீங்களா அக்கா?" என்றாள். "கேட்டாங்க. சொன்னேன். வாங்கிட்டாங்க."